ராகிக் களியும் இதயத்தின் கால்சியம் வாசலும்

"ராகிக் களியிலுள்ள கால்சியம் இதயத்தின் வாசலைத் திறந்தே வைத்துவிடும், படபடப்பு வரும்" என்று ஆந்திராவின் சித்தூர், குப்பம் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. களி தின்று ஏர் ஓட்டிய ஊரில் இப்படியொரு பயமா!

அந்த வாசலின் பெயர் ரயனோடின் ஏற்பி. இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் சுவரில் அது இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் நுழைந்து அதைத் திறக்கிறது. கிடங்கிலிருந்து கால்சியம் பாய, தசை சுருங்குகிறது. வீணே கசியாமல் காக்கக் கால்மோடுலின் போன்ற புரதங்கள் உண்டு. உண்ட கால்சியம் நேரே அங்கே போவதில்லை. ரத்தத்தில் அதன் அளவைக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. மருத்துவ உடலியல் பாடநூல்களில் இதைச் சரிபார்க்கலாம்.

படபடப்பு இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.