முடக்கப்பட்ட கணக்கும் சனிக்கிழமைச் சம்பளமும்

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்றால் சம்பளம். பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்கு நிட்டிங் ஓட்டிக் கொடுக்கும் என் நண்பர், அப்படியொரு சனிக்கிழமைக்கு முந்தைய நாள் பணம் எடுக்க வங்கிக்குப் போனபோது, அவருடைய கரண்ட் அக்கவுண்ட் முடக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் துணி ஓட்டி வாங்கிய வியாபாரி ஒருவர் மீது சட்டவிரோதப் பணப் பரிமாற்ற விசாரணை நடக்கிறது என்பதும், அவர் அனுப்பிய ஜாப் ஒர்க் கூலியே காரணம் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. உத்தரவின் நகலைக் கேட்டதற்கு, மின்னஞ்சல் வந்திருக்கிறது என்பதற்கு மேல் மேலாளரிடம் பதில் இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அந்த வாரச் சம்பளத்தைக் கொடுத்தார்.

கணக்கை முடக்கும் அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'பாசி' நிதி நிறுவனத்தில் 930 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்த ஊர் இது. பெருந்துறையில் ஈமு கோழிக்குப் பணம் கட்டி 2012-இல் ஏமாந்த குடும்பங்கள் எனக்கு உறவிலேயே உண்டு. அந்தப் பணம் கைமாறி மறைவதற்குள் யாராவது கணக்குகளை நிறுத்தியிருந்தால் எத்தனையோ பேருக்குப் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் அந்த அதிகாரத்துக்குச் சட்டம் போட்ட வரம்பை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் 17-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அமலாக்கத் துறையின் இயக்குநரோ, அவர் அதிகாரம் அளித்த, துணை இயக்குநர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ, தம் நம்பிக்கைக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; முடக்கும் உத்தரவின் நகல் உரியவருக்குக் கொடுக்கப்பட வேண்டும்; 30 நாட்களுக்குள், முடக்கம் சரியா என்று ஆராய்ந்து முடிவு செய்யும் தீர்ப்பாணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே சட்டத்தின் பிற பிரிவுகளின்படி, ஆணையத்தின் அனுமதி இல்லாமல் முடக்கம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. ஆணையம் உறுதி செய்த பிறகு, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் விசாரணை நிலையிலேயே நின்றால், 365 நாட்கள்தான் எல்லை. இது 2018-இல் 90 நாட்களாக வரையறுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே 365 ஆக நீட்டப்பட்டது என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இவை வெறும் சடங்குகள் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஆப்டோ சர்க்யூட் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அந்தப் பெங்களூரு நிறுவனத்தின் கணக்குகளை நிறுத்தும்படி அமலாக்கத் துறை வங்கிக்குக் கடிதம் மட்டும் எழுதியிருந்தது. 17-ஆவது பிரிவின் நடைமுறையைப் பின்பற்றவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அதிகாரத்தைக் காட்டி அந்தக் குறையை மறைக்கப் பார்த்ததையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் ஒரு செயலை ஒரு முறையில் செய்யச் சொன்னால் அந்த முறையில்தான் செய்ய வேண்டும் என்ற பழைய விதிதான் அங்கே வென்றது. ஆகவே, மின்னஞ்சலைக் கண்டதும் கணக்கை மூடிவிட்டு வாடிக்கையாளருக்கு எதையும் காட்டாத வங்கியும் தன் கடமையில் தவறுகிறது என்பதே என் கருத்து.

என்னை இன்னும் உறுத்துவது முடக்கத்தின் அளவு. சந்தேகத்துக்குரிய தொகை ஒன்றரை லட்சம் என்றால், பல ஆண்டு உழைப்பின் மொத்த இருப்பையும், இனி வரப்போகும் கூலியையும் சேர்த்து ஏன் பூட்ட வேண்டும்? கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இயக்க விட வேண்டும் என்ற வழியில் உத்தரவிட்டன. அவை சைபர் மோசடிப் புகார்களில் பிறந்த உத்தரவுகள் என்பது உண்மை; ஆனாலும் அதே நியாயம் இங்கே பொருந்தாமல் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 17-ஆவது பிரிவே, உத்தரவிட்ட அதிகாரியின் முன் அனுமதியோடு முடக்கிய பணத்தைக் கையாள இடம் தருகிறது. தொழிலாளர் சம்பளம், மின்கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவற்றுக்கு அந்த அனுமதியைக் கேட்கலாம் என்பதை முடக்கும் நாளிலேயே உரியவருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

தீர்ப்பாணையம் இருப்பது டெல்லியில். அதன் முடிவை எதிர்த்து 45 நாட்களுக்குள் முறையிட வேண்டிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அங்கேதான். நான்கு மெஷின் வைத்திருப்பவர் வக்கீலுக்கும் ரயிலுக்கும் செலவழிக்க வேண்டிய பணமும் அந்த முடக்கப்பட்ட கணக்கில்தான் கிடக்கிறது. என் நண்பரின் விண்ணப்பத்தை நானும் உடனிருந்து எழுதினேன். நாங்கள் முதலில் கேட்டிருப்பது உத்தரவின் நகலைத்தான்.