உறைவதும் ஒருவகைக் காய்தல்தான்

துருவத்து மாஸ்களிடம் (ஈரமான இடங்களில் பச்சைக் கம்பளம்போல் படரும் சிறு தாவரங்கள்) குளிரைத் தாங்கும் மரபணு ஒன்று தனியாக இருப்பதுபோல் உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடுங்குளிரில் பனிக்கட்டி பெரும்பாலும் செல்லுக்கு வெளியேதான் முதலில் உருவாகிறது. அது உள்ளே இருக்கும் நீரை இழுத்துக்கொள்கிறது. ஆகவே செல்லுக்கு, உறைவதும் காய்ந்துபோவதும் ஏறக்குறைய ஒரே ஆபத்து. காய்தலைச் சமாளிக்கும் மரபணுக்களோ மிகப் பழையவை. நிலத்தில் குடியேறிய ஆதித் தாவரங்களின் சொத்து. துருவத்தில் கைகொடுப்பவற்றில் பலவும் அவைதாம்.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பிஸ்கோமிட்ரெல்லா என்ற மாஸைப் பாருங்கள் (இது துருவத்தது அல்ல). அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் அதன் உறைதாங்கும் திறன் வெகுவாகக் கூடுகிறது. செல்லில் சர்க்கரை சேர்கிறது, எல்.ஈ.ஏ. என்ற காப்புப் புரதங்களுக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. நீர் போனபின் சவ்வுகளும் மற்றப் புரதங்களும் சிதையாமல் காப்பவை இவை. பூக்கும் தாவரங்கள் எல்.ஈ.ஏ. புரதங்களைப் பெரும்பாலும் விதைக்கென்று ஒதுக்கிவைக்கின்றன. மாஸ் தன் இலையிலும் தண்டிலுமே பயன்படுத்துகிறது! என்னைப் பொறுத்தவரை கட்டுரையின் மையமாக இருந்திருக்க வேண்டியது இதுதான்.

அண்டார்க்டிகாவின் சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்துகிடந்த மாஸ், ஆய்வகத்தில் மீண்டும் துளிர்த்ததை 2014இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதையும் சேர்த்து இந்த மரபணுக்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன்.