செத்த காலேஜும் எங்கள் குடும்பமும்

போன மாதம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எங்கள் குடும்பத்தார் பதினோரு பேரோடு இருமுறை போனேன். இருமுறையும் மனத்தாங்கலோடுதான் வீடு திரும்பினேன். முதல் முறை வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று விடுமுறை என்று நான் முந்தைய நாளே சொல்லியும், அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு விடும் என்று அண்ணன் அடித்துப் பேசியதில் இரண்டு வண்டிகளில் கிளம்பிப் போய், பாந்தியன் சாலையில் பூட்டிய கதவின் முன் நின்றோம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை அங்கேயே தொடங்கிய புலம்பல் இரவுச் சாப்பாடு வரை நீடித்தது. மறுமுறை ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒரு மணிக்கு ஓட்டலில் இடம் சொல்லி வைத்திருந்ததால், ஆறு கட்டடங்களையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாக வேண்டும் என்று அண்ணி கடிகாரத்தைப் பார்த்தபடியே எங்களை நடத்திச் சென்றார்.

அப்பா இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். எண்பதுகளில் நாங்கள் புதுப்பேட்டையில் குடியிருந்தோம். பழைய மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. மாதம் ஒரு ஞாயிறன்று எங்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போவார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு ஒரு கூடம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க அண்ணனும் நானும் துடித்துக்கொண்டிருந்த மாதத்தில் அவர் எங்களைப் பழைய நாணயங்களின் முன் நிறுத்தியதையும், வழியெல்லாம் நாங்கள் அழுதுகொண்டே திரும்பியதையும் அண்ணன் இன்றும் ஒரு வழக்கைப் போலச் சொல்லிக் காட்டுகிறான்.

அக்கம்பக்கத்தார் இந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் என்பதால் இந்தக் ‘காலேஜ்’ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். விலங்குகளும் முதலில் அருங்காட்சியக வளாகத்தில்தான் இருந்தன. அங்கிருந்து மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985-இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. செத்தவை மட்டும் எழும்பூரிலேயே தங்கிவிட்டன.

செப்புத் திருமேனிகளுக்கு உரிய ஞாயிறுகளில் மட்டும் அம்மாவும் வருவார். திருவெண்காட்டு அர்த்தநாரி முன் நின்று நான் கைகளை எண்ணினேன்: சிவன் பாதியில் இரண்டு, உமை பாதியில் ஒன்று. அம்மனுக்கு மட்டும் ஏன் ஒரே கை என்று கேட்டதற்கு அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “அவ ஒரு கையாலேயே எல்லா வேலையும் முடிச்சிடுவா, அதான்” என்றார் அம்மா. சிற்பம் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ விளக்கங்கள் படித்துவிட்டேன். அந்தச் சிலையைப் பார்க்கும்போது முதலில் நினைவுக்கு வருவது அம்மா சொன்னதுதான்.

இந்த முறை அண்ணனின் ஆறு வயதுப் பேரன், ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் உள்ள கூடத்தில் நின்றுவிட்டான். வட்டமான சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில் நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் அதே யானை இருமுறை வருகிறது: ஒரு புறம் மதம் பிடித்து ஆளைத் துதிக்கையால் பற்றி இழுக்கிறது, மறுபுறம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மேலே மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இது இரண்டு யானையா, ஒரே யானையா என்று அவன் கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் அண்ணி அவன் கையைப் பிடித்து அடுத்த கூடத்துக்கு இழுத்துப் போய்விட்டார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிற்பி, நேரம் கடப்பதைக் கல்லில் எப்படிக் காட்டுவது என்று கண்டுபிடித்ததை, ஆறு வயதுப் பிள்ளை தானாகவே பிடித்த அந்த நிமிடத்தை, ஒரு தட்டு பிரியாணிக்காகக் கைவிட்டோம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று நான் சாப்பிடவே இல்லை. அதற்கும் சேர்த்து அத்தை கோபித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று அண்ணன் குடும்ப வாட்சப் குழுவில் நாற்பது படங்கள் போட்டிருக்கிறான். எல்லாவற்றிலும் நாங்கள்தான் இருக்கிறோம். சிலைகள் எங்கள் தோள்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. குழந்தைகளை அங்கே கூட்டிப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரு கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் பார்க்கவில்லையே என்று அவர்கள் அழுதால் அழட்டும். அடுத்த முறை வர அது போதும்.

வண்டியில் ஏறியதும் பையன் என் காதோரம் வந்து, “தாத்தா, அந்த யானை அந்த ஆளைக் கீழே விட்டுச்சா?” என்று கேட்டான். வரும் சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவரப்போகிறோம். குழுவில் இன்னும் சொல்லவில்லை.