குழந்தைக் கதைதானே!
யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு: "சின்னப் பிள்ளைங்க கதைதானே, ஒரே ராத்திரியில எழுதிடலாமே?" எழுதலாம். அப்புறம் அதை 32 பக்கப் படப்புத்தகத்துக்குள் அடக்கிக் காட்டுங்கள். அச்சுத்தாளை மடித்தால் 8, 16 என்றுதான் பக்கம் வரும். கூட ஒரே ஒரு பக்கம் கொடுங்கள் என்று கெஞ்சினாலும் நடக்காது. தலைப்பு, பதிப்புரிமைப் பக்கமெல்லாம் போக மிச்சம்தான் கதைக்கு.

போன வாரம் ஓவியரிடமிருந்து படம் வந்தது. அழகோ அழகு. ஆனால் என் நான்கு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யானை நிற்கிறது. யானையை நகர்த்த முடியாதாம். சரி, நான்தான் நகர வேண்டும். நான்கு வரியை ஒன்றாக்க இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: "பெரியவங்களுக்கு எப்போ எழுதப் போறீங்க?"