லொரெட்டா லின் முதல்ல ஒரு எழுத்தாளர்

அமெரிக்காவோட கன்ட்ரி மியூசிக் (அங்கத்திய கிராமத்து மண்ணுல வளர்ந்த பாட்டு வகை) பாடகி லொரெட்டா லின் பத்தி யாரு எழுதினாலும் ஒரே கதையைத்தான் எழுதுறாங்க. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோட பொண்ணு, 15 வயசுல கல்யாணம், புருஷன் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் குடுத்தாரு, அப்புறம் பெரிய ஸ்டார் ஆயிட்டாங்க. எல்லாம் நடந்ததுதான், மறுக்கல. ஆனா இப்படியே சொல்லிச் சொல்லி அந்தம்மா என்ன வேலை செஞ்சாங்கங்கிறதே மறைஞ்சு போச்சு. அவங்க பாட்டு எழுதினாங்க. அதுதான் அவங்க தொழில். குரல் நல்ல குரல்தான், ஆனா அந்தக் காலத்துல கன்ட்ரி மியூசிக்கோட தலைநகரான நாஷ்வில்ல நல்ல குரலுக்குப் பஞ்சமே இல்ல.

1932-ல பொறந்தவங்க. கென்டக்கில வான் லியர்னு ஒரு சுரங்கக் கம்பெனி ஊரு, அதுக்குப் பக்கத்துல மலை இடுக்குல புச்சர் ஹாலோ. எட்டுப் பிள்ளைங்கள்ல ரெண்டாவது. அப்பா சுரங்கத்துலயும் வேலை, துண்டு நிலத்துலயும் வேலை. 1948-ல ஊர்க்காரர் ஆலிவர் லின்னைக் கட்டிக்கிட்டாங்க, எல்லாரும் டூலிட்டில்னுதான் கூப்பிடுவாங்க. கொஞ்ச நாள்லயே கர்ப்பமா இருக்கும்போதே நாட்டோட மறுகோடிக்கு, கனடா பார்டர் கிட்ட இருக்கிற கஸ்டர்ங்கிற ஊருக்குக் குடிபோயிட்டாங்க. அம்மா கிடையாது, சொந்தம் கிடையாது, வரிசையா நாலு குழந்தைங்க. துணி துவைக்கிறது, ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போறது, பண்ணையில வேலை செய்றவங்களுக்குச் சமைச்சுப் போடுறது, இதுதான் பொழப்பு. அந்த வீட்டுலதான் 1953-ல கிட்டார் வந்துச்சு. சொல்லிக்குடுக்க ஆள் யாரும் இல்ல, தானா தட்டித் தட்டிக் கத்துக்கிட்டாங்க.

1960-ல முதல் ரெக்கார்டு. சின்னக் கம்பெனி, விளம்பரத்துக்குக் காசு கிடையாது. புருஷனும் பொண்டாட்டியும் கார்ல கிளம்பி ஊர் ஊரா ரேடியோ ஸ்டேஷனுக்குப் போயி, ரெக்கார்டைக் கையில குடுத்து, இதை ஒருதடவை போடுங்கன்னு கேட்டாங்க. கார்லயே தூக்கம், சாண்ட்விச்தான் சாப்பாடு. அந்தப் பாட்டு பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி ஹிட் லிஸ்ட்ல 14-வது இடம் வரைக்கும் போச்சு. எழுதினதும் அவங்களேதான். அப்பா 1959-லயே போயிட்டாரு, பொண்ணோட குரலை ரேடியோல அவர் கேட்கவே இல்ல. இதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனத்துப் போகும்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். லொரெட்டாவுக்கு முன்னாடி கன்ட்ரி மியூசிக்ல பெண்கள் இல்லாம இல்ல. பாடகி கிட்டி வெல்ஸ் 1952-லயே ஒரு பாட்டால அந்த லிஸ்ட்ல நம்பர் 1 வந்தவங்க, லொரெட்டாவுக்கே அவங்கன்னா உசுரு. தப்பைப் பொம்பளை மேல மட்டும் போடாதீங்கடான்னு ஆம்பளைங்களுக்குப் பதில் சொல்ற பாட்டு அது. ஆனா அதை எழுதினது ஜே.டி. மில்லர்ங்கிற ஆம்பளை. குரல் பொம்பளையோடது, பேனா ஆம்பளையோடது. லொரெட்டா வந்தப்புறம்தான் பாடுறவங்களே எழுதி, அதுவும் தன் வீட்டுச் சண்டையையே எழுதி, அதை லட்சக்கணக்கான பேர் காசு குடுத்து வாங்குறதுங்கிறது இந்த அளவுக்கு நடந்துச்சு.

ஒருநாள் கச்சேரிக்கு முன்னாடி மேடைக்குப் பின்னால ஒரு பொண்ணு வந்து, என் வீட்டுக்காரர் இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உட்கார வச்சிருக்காருன்னு அழுதிருக்கா. லொரெட்டா திரையை விலக்கி அந்த இன்னொருத்தியைப் பார்த்துட்டு, இவளா உன் புருஷனைத் தட்டிட்டுப் போகப்போறா, அதுக்கெல்லாம் இவ பத்தாதுன்னு சொல்லிட்டு டிரஸ்ஸிங் ரூமுக்குப் போயி அதையே பாட்டா எழுதிட்டாங்க. 1966-ல அது நம்பர் 2. அதுக்கடுத்து, குடிச்சுட்டு வந்து என்கிட்ட கொஞ்ச வராதேன்னு தங்கச்சி பெகி சூ கூடச் சேர்ந்து எழுதினது 1967-ல நம்பர் 1, அவங்களோட முதல் நம்பர் 1. 1968-ல, என் புருஷன் பக்கம் வந்தா கைதான் பேசும்னு ஒரு பாட்டு. 1972-ல, விவாகரத்து ஆன பொம்பளையை ஊரு எப்படிப் பார்க்குதுன்னு ஒரு பாட்டு. இதெல்லாம் அதுவரைக்கும் துணி காயப்போடுற இடத்துல பொம்பளைங்க தங்களுக்குள்ள மட்டும் பேசிக்கிட்டது. அதை ரேடியோல போட்டுட்டாங்க.

குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை பத்தின பாட்டு பத்தித்தான் இப்ப எல்லாரும் பேசுறாங்க. அது அவங்க பேர்ல வந்தாலும் எழுதினவங்க வேற ஆளுங்க. ஆனா அதைப் பாடுற தைரியம் அவங்களோடது. 1972-லயே ரெக்கார்டு பண்ணியாச்சு, கம்பெனி 1975 வரைக்கும் வெளியிடாம வச்சிருந்துச்சு, வந்ததும் நிறைய ரேடியோ ஸ்டேஷன்கள் போட மாட்டோம்னு சொல்லிடுச்சு. அப்படியும் கன்ட்ரி லிஸ்ட்ல 5-வது இடம். அந்தம்மா தன்னைப் பெண்ணியவாதின்னு சொல்லிக்கிட்டவங்க இல்ல, குடியரசுக் கட்சிக்குப் பிரச்சாரம் பண்ணவங்க. நம்ம லேபிள்ல அவங்களை அடைக்கவும் வேணாம், அவங்க சொன்னது எந்த லேபிளுக்கும் சொந்தம்னு நினைக்கவும் வேணாம்.

1970-ல வந்த கோல் மைனர்ஸ் டாட்டர் (சுரங்கத் தொழிலாளியோட பொண்ணு) பாட்டு வேற ரகம். அப்பாவோட உழைப்பு, துணி துவைச்சுத் துவைச்சு ரத்தம் கசியிற அம்மாவோட விரல், பன்னியை வித்த காசுல ஷூ, இப்படி ஒண்ணொண்ணா அடுக்கி வச்சிருப்பாங்க. எங்கயும் ஐயோ பாவம்னு ஒரு சொல் கிடையாது. அழுகையே இல்லாம வறுமையை எழுதுறது எவ்வளவு கஷ்டம்னு எழுதிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். முதல்ல இன்னும் நிறைய சரணம் எழுதியிருந்தாங்களாம், ரொம்ப நீளம்னு புரொடியூசர் ஓவன் பிராட்லி வெட்டச் சொல்லிட்டாரு. அந்த வெட்டுன சரணங்கள் வேணும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. 1972-ல கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனோட அந்த வருஷத்துப் பெரிய விருது வாங்கின முதல் பெண் இவங்கதான்.

இப்ப நான் இந்தப் பதிவு எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வரேன். இவ்வளவு எழுதினவங்க 70-கள்ல எழுதுறதையே கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க. சரக்கு தீர்ந்து போச்சுன்னு நினைக்காதீங்க. நாஷ்வில்லுக்கு வந்த புதுசுல வில்பர்ன் பிரதர்ஸ்ங்கிற பாடகர் சகோதரர்கள்தான் கைதூக்கி விட்டாங்க, டெக்கா ரெக்கார்டு கம்பெனில இடம் வாங்கிக் குடுத்தாங்க, தங்களோட டிவி நிகழ்ச்சியில பாட வச்சாங்க, அந்த நன்றியை யாரும் மறுக்க முடியாது. ஆனா அதுக்குப் போட்ட ஒப்பந்தத்துல லொரெட்டா எழுதுற பாட்டோட உரிமை அந்த சகோதரர்களோட கம்பெனிக்குப் போயிடுச்சு. பிரிஞ்சதுக்கப்புறமும் எழுதினா அதுவும் அங்கதான் போகணும்ங்கிற நிலைமை. கோர்ட்டு, வக்கீல்னு முப்பது வருஷம் இழுத்துச்சு, கடைசி வரைக்கும் உரிமை திரும்பக் கிடைக்கல. தன் அப்பா அம்மாவைப் பத்தித் தான் எழுதின பாட்டு தனக்குச் சொந்தம் இல்லைன்னா யாருக்குத்தான் எழுத மனசு வரும்? அதனால மத்தவங்க எழுதினதைப் பாடினாங்க, பாடகர் கான்வே ட்விட்டி கூட டூயட் பாடினாங்க, நல்லா ஓடுச்சு. 1976-ல சுயசரிதை, 1980-ல அதுவே படமாகி, லொரெட்டாவா நடிச்ச சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கர். உலகமே அவங்க கதையைப் பேசிக்கிட்டு இருந்த நேரத்துல அவங்க பேனா மூடியே கிடந்துச்சு. எனக்கு இதுதான் அவங்க வாழ்க்கையிலேயே பெரிய நஷ்டம், படத்துல காட்டின எந்தக் கஷ்டத்தை விடவும்.

டூலிட்டில் பத்தியும் சொல்லணும். குடி, வேற பொம்பளைங்க, வீட்டுல கை நீட்டுறது எல்லாம் உண்டு, அவர் ஒண்ணு அடிச்சா நான் ரெண்டு திருப்பிக் குடுத்தேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதே ஆளுதான் நீ பாடணும்னு பிடிவாதமா நின்னவரு. 1996-ல அவர் சாகுற வரைக்கும் கூடத்தான் இருந்தாங்க. அதைக் காதல்னு நான் கொண்டாட மாட்டேன், ஆனா அவங்க அதை மறைக்காம எழுதினதுக்குத் தலை வணங்குறேன்.

அப்புறம் 2004-ல, 72 வயசுல, வான் லியர் ரோஸ்னு ஒரு ஆல்பம். புரொடியூசர் ராக் பேண்டுக்காரர் ஜாக் வைட், வயசுக்குப் பேரன் மாதிரி. கிட்டத்தட்ட முழு ஆல்பமும் லொரெட்டா எழுதினது. ரெண்டு கிராமி. அவ்வளவு வருஷம் உள்ள அடைச்சு வச்சிருந்தது அத்தனையும் வந்து கொட்டியிருக்கு, புருஷன் போனதுக்கப்புறம் தனியா இருக்கிறதைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, வெறும் கிட்டாரும் குரலும், அதை என்னால முழுசா ஒரே மூச்சுல கேட்க முடியல. 2017-ல ஸ்ட்ரோக் வந்தும் விடல, 2021-ல 50-வது ஆல்பம் வந்துச்சு. 2022 அக்டோபர் 4-ம் தேதி, 90 வயசுல, டென்னசியில ஹரிக்கேன் மில்ஸ் வீட்டுல போய்ச் சேர்ந்தாங்க.

கன்ட்ரி மியூசிக்னாலே நமக்கு ஒத்து வராதுன்னு ஒதுங்கிப் போறவங்க டூயட்ல ஆரம்பிக்காதீங்க, படத்துலயும் ஆரம்பிக்காதீங்க. 1970 பாட்டை ஒருதடவை வரிகளைக் கையில வச்சுக்கிட்டு கேளுங்க, உடனே அடுத்ததா 2004 ஆல்பத்தைப் போடுங்க. நடுவுல இருக்கிற 34 வருஷத்துல இந்தம்மா இன்னும் என்னென்ன எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க, பேசுவோம்.