பாதி பானெட்

(இடம்: செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர். கொல்லம் போகிற சாலையோரம் ஒரு வாட்டர் சர்வீஸ், இரண்டு பக்கமும் மர அறுவை மில். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லை மலைப் பக்கம் நகர்ந்து போய்விட்டது. பார்டர் என்ற பெயரும் பரோட்டாவும் மட்டும் நகரவில்லை. கடை மாமாவுடையது. மருமகன் கொச்சியில் ஒரு கார் டீட்டெய்லிங் கடையில், அதாவது காரைத் தேய்த்து மினுக்கி மேலே பூச்சுப் போட்டுத் தருகிற கடையில், வேலை பார்த்தவன். இப்போது ஒரு கம்பெனியின் ஏஜென்சி எடுக்கலாம் என்று பெட்டி நிறைய பாட்டிலோடு வந்து இறங்கியிருக்கிறான். வெளியே சாரல்.)

மருமகன்: மாமா, யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். இனிமேல் இது வாட்டர் சர்வீஸ் இல்லை, ஸ்டுடியோ.

மாமா: ஏலே, நான் கல்யாண ஆல்பமா போடப்போகிறேன்?

மருமகன்: கார் டீட்டெய்லிங் ஸ்டுடியோ. ஒரு காருக்கு செராமிக் கோட்டிங் போட்டால் 20,000 வாங்கலாம். இப்போது ஒரு காருக்கு என்ன வாங்குகிறீர்கள்?

மாமா: 400. அதிலும் ஐம்பதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, டிக்கிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று சண்டைக்கு வருவான்.

மருமகன்: அதனால்தான் சொல்கிறேன்.

மாமா: பெட்டியைத் திற. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போன மாதம் ஒரு சாம்பிள் கோட்டிங் தந்துவிட்டுப் போனாயே, அதை நான் அலமாரியில் வைத்துப் பூஜை செய்யவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு கறுப்பு பானெட் வாங்கி, நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதிக்கு மட்டும் தடவிக் கொல்லையில் போட்டிருக்கிறேன்.

மருமகன்: (உற்சாகம் குறைந்து) நீங்களே சோதித்துவிட்டீர்களா?

மாமா: காசு என்னுடையது அல்லவா? முதல் பாட்டில் என்ன?

மருமகன்: ஷாம்பு. காரமும் இல்லை, அமிலமும் இல்லை. நீங்கள் போடுகிற சோப்புத் தூள் காரம். பெயின்ட் மேலிருக்கிற மெழுகு, கோட்டிங் எல்லாவற்றையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.

மாமா: மெழுகு இருந்தால்தானே தேயும்? சரி, நுரை நன்றாக வருகிறது, வாசமும் பரவாயில்லை. இதை எழுது. அடுத்தது?

மருமகன்: மைக்ரோஃபைபர் துணி. இதோடு இரண்டு வாளி முறை. ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை அந்தத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடியும் ஷாம்பில் முக்க வேண்டும். மண் எல்லாம் அலசுகிற வாளியிலேயே தங்கிவிடும்.

மாமா: நம்ம பையன் ஒரே வாளியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டுவானே.

மருமகன்: காலையில் வந்த ஜீப்பின் மண்ணை எடுத்து மதியம் வந்த காரில் தேய்க்கிறான் மாமா. வெயிலில் பாருங்கள், பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு இருக்கும். அது ரோட்டில் விழுந்த கோடு இல்லை, நம்ம கடையில் விழுந்தது.

மாமா: (குரலைத் தாழ்த்தி) மெதுவாகப் பேசு, வெளியே ஆள் நிற்கிறது. துணி நூறு எழுது. வாளி நம்மிடமே இருக்கிறது.

மருமகன்: இது அயர்ன் ரிமூவர். பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத் தூள் பெயின்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதை அடித்தால் கரைந்து...

மாமா: ஊதாவாக வழியும். தெரியும். நேற்று மில்காரர் வெள்ளைக் காரில் அடித்தேன்.

மருமகன்: ஐயையோ, அவரிடம் சொல்லிவிட்டா?

மாமா: ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிற இடத்தில் நிற்கிற வண்டி அது. கதவு கதவாக ஊதா ஓடுகிறது. மனிதர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடிவந்து, 'என் பெயின்டைக் கரைத்துவிட்டாயே பாவி' என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போதாததற்கு அந்த நாற்றம் வேறு.

மருமகன்: கந்தகம் சேர்ந்த மருந்து. அப்படித்தான் நாறும்.

மாமா: நான் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் அடித்துக் கழுவினேன். எழுந்து வந்து கதவைத் தடவினார். மறுபடியும் தடவினார். 'வீலுக்கும் அடிப்பாயா?' என்றார். பெரிய கேன் எழுது.

மருமகன்: அப்புறம் களிமண் கட்டி, கீறலைத் தேய்த்து எடுக்கிற காம்பவுண்ட், பாலிஷ்...

மாமா: அதெல்லாம் பழைய வித்தை. நீ பெரிய பாட்டிலுக்கு வா.

மருமகன்: பெரிய பாட்டில் இல்லை மாமா, சின்னது. 30 மில்லி. செராமிக் கோட்டிங். சிலிக்கா சரக்கு. தடவினால் இறுகிப்போய்க் கண்ணாடி மாதிரி ஒரு படலமாக நிற்கும். 9 எச் கடினம்!

மாமா: அதென்ன 9 எச்? உன்னோடு வந்த ஏஜென்ட் வைரத்துக்கு அடுத்தது இதுதான் என்றானே.

மருமகன்: அவர் கல், கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அதில்தான் வைரம் 10. இது வேறு அளவு. இது வந்து... பென்சில்.

மாமா: என்னது?

மருமகன்: பென்சில் மாமா. பெயின்டைச் சோதிக்கிற முறை. மெத்தென்று எழுதுகிற பென்சில் பி, கெட்டியாக எழுதுவது எச். 9 எச்தான் அதில் கடைசி. பென்சிலை 45 டிகிரி சாய்த்து அழுத்தித் தள்ள வேண்டும். கீறல் விழவில்லை என்றால் பாஸ்.

மாமா: ஆக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பென்சிலால் கிறுக்கினால் காருக்கு ஒன்றும் ஆகாது.

மருமகன்: ஆகவே ஆகாது.

மாமா: எந்தப் பிள்ளையடா காரில் பென்சிலால் கிறுக்குகிறது? எல்லாம் காம்பஸ் முனையால் அல்லவா பெயர் எழுதி வைக்கிறது? அதை விடு. மண் பட்டால்?

மருமகன்: மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் மோஸ் கணக்கில் 7. அழுக்குத் துணியால் தேய்த்தால் கோட்டிங் மேலும் கோடு விழும்.

மாமா: எவ்வளவு கனம் இருக்கும் இந்தப் படலம்?

மருமகன்: ஒன்று, இரண்டு மைக்ரான். ஒரு தலைமுடியே 70 மைக்ரான் சொச்சம் வரும்.

மாமா: யார் தலைமுடி?

மருமகன்: (மாமாவின் தலையைப் பார்க்காமல்) பொதுவாகச் சொன்னேன்.

மாமா: அது என்ன கறுப்புப் பெட்டி? அதை மட்டும் தங்கநகை மாதிரி துணியில் சுற்றி வைத்திருக்கிறாய்.

மருமகன்: கிராஃபீன் கோட்டிங்! இருப்பதிலேயே உசத்தி. ஒரே ஒரு அணு கனத்தில் கரி. 2004-ல் மான்செஸ்டரில் இரண்டு விஞ்ஞானிகள் கிராஃபைட் மேல் செலோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தே அதைப் பிரித்து எடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள் மாமா.

மாமா: கிராஃபைட்... அது பென்சிலுக்குள் இருப்பது அல்லவா?

மருமகன்: (சற்று நேரம் கழித்து) ஆமாம்.

மாமா: அந்த பாட்டிலுக்கும் பென்சில், இந்த பாட்டிலும் பென்சில். ஏலே, நீ பிடித்திருப்பது ஏஜென்சியா, இல்லை பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கிற மிட்டாய்க் கடையா?

மருமகன்: நோபல் பரிசு மாமா!

மாமா: பரிசு அவர்களுக்கு. இந்த பாட்டிலுக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கிறானா?

(மருமகன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பொன்னிறத்தில் பெரிய எழுத்துகள் நிறைய இருக்கின்றன. அளவு இல்லை. இந்தக் கேள்வியை மாமாவுக்கு முன்னால் காசு கொடுத்த யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

மாமா: வா, கொல்லைக்குப் போவோம்.

(பானெட் செங்கல் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சாரல் விழுந்து ஒரு பாதியில் தண்ணீர் முத்து முத்தாக உருள்கிறது. மறுபாதியில் அப்படியே படர்ந்து கிடக்கிறது.)

மருமகன்: பாருங்கள்! பாருங்கள்! முத்து மாதிரி!

மாமா: அழகாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. வேங்கை அறுத்த தூள் ஈரத்தோடு விழுந்து கறை பிடிக்கும் பார், அது இந்தப் பாதியில் தண்ணீர் அடித்ததும் போய்விட்டது. அந்தப் பாதியில் தேய்க்க வேண்டியிருந்தது. கழுவுகிற வேலை பாதியாகக் குறைகிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

மருமகன்: அப்போ வெற்றி!

மாமா: இரு. நம்ம போர் தண்ணீரை அடித்து, துடைக்காமல் வெயிலில் விட்டேன். உன் முத்து ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே காய்ந்து, வெள்ளை வெள்ளையாக வட்டம் போட்டிருக்கிறது. தடவாத பாதியைவிட இதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

மருமகன்: அது உப்புத் தண்ணீரின் குற்றம். கால்சியம் படிந்துவிடுகிறது. கழுவினதும் துடைத்துவிட வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பாட்டில் இருக்கிறது, அமிலம் சேர்ந்தது.

மாமா: உன் அத்தை குத்துவிளக்குக்குப் புளி போடுவாளே, அதுவா?

மருமகன்: கிட்டத்தட்ட அதுதான். ஆனால் தயவுசெய்து காரில் புளி தேய்த்துவிடாதீர்கள்.

மாமா: காக்காய் எச்சம். காலையில் விழுந்ததைக் காலையிலேயே துடைத்தேன், சுத்தமாகப் போனது. இன்னொன்றை இரண்டு நாள் வெயிலில் விட்டேன். தடவின பாதி, தடவாத பாதி, இரண்டிலும் தழும்பு. கடைசியாக இதைப் பார்.

மருமகன்: என்ன மாமா இது, பெயின்ட் தெறித்து இரும்பு தெரிகிறது?

மாமா: முக்கால் ஜல்லி. புளியரை பக்கம் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறதே, அதில் உதிர்ந்தது ஒன்றை எடுத்து எறிந்து பார்த்தேன். உன் வைரத்துக்கு அடுத்தது தாங்கவில்லை.

மருமகன்: கல்லைத் தாங்குவதற்கு அது இல்லை மாமா! அதற்கு பிபிஎஃப் ஒட்ட வேண்டும். பாலியூரித்தேன் பிலிம். அது 150, 200 மைக்ரான் கனம். கல் பட்டால் அதுதான் அடி வாங்கும். ஆனால் விலை பல மடங்கு.

மாமா: அதை ஏஜென்ட் சொல்லவில்லை. 'மாமா, இனி உங்கள் கஸ்டமர் மலையிறங்கி எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்றான். அவன் எனக்கு எப்போது மருமகன் ஆனான்? அது போகட்டும், இந்தப் பாதி பளபளப்பாகவும் இல்லையே. அன்றைக்கு நீ காட்டின போட்டோவில் முகம் தெரிந்ததே?

மருமகன்: நீங்கள் பாலிஷ் போடாமல் தடவிவிட்டீர்களா?

மாமா: பாட்டிலில் தடவு என்றுதான் போட்டிருந்தது.

மருமகன்: மாமா, பளபளப்பு கோட்டிங்கால் வருவதில்லை. அதற்கு முன்னால் மிஷின் பிடித்து, காம்பவுண்ட் வைத்து, பாலிஷ் வைத்து ஒரு நாள் முழுக்க இடுப்பு ஒடிகிறதே, அதனால் வருவது. கோட்டிங் இருப்பதைக் காப்பாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். மினுக்கு இருந்தால் மினுக்கு. கோடு இருந்தால் கோடு.

மாமா: அப்படியானால் 20,000 ரூபாய் பாட்டிலுக்கு இல்லை, இடுப்புக்கு.

மருமகன்: அப்படியும் சொல்லலாம்.

மாமா: அதைத் தினமும் போடலாமா?

மருமகன்: கூடாது. பாலிஷ் ஒவ்வொரு தடவையும் பெயின்ட் மேலிருக்கிற நிறமில்லாத பூச்சை, கிளியர் கோட்டை, கொஞ்சம் சுரண்டித்தான் எடுக்கும். அது மொத்தமே 40, 50 மைக்ரான்தான்.

மாமா: சரி, எங்கே வைத்துத் தடவ வேண்டும் என்று போட்டிருக்கிறது?

மருமகன்: (வாசிக்கிறான்) தூசியில்லாத மூடிய அறை. தடவின பிறகு ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஷாம்பு போடக் கூடாது.

மாமா: பிரானூர் பார்டரில் தூசியில்லாத அறை பேங்க் லாக்கர் மட்டும்தான். அதற்குள் கார் நுழையாது. சாரல் நேரத்தில் ஒரு நாள் தண்ணீர் படாமல் இருப்பதற்கு அந்தக் காரை மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும்.

மருமகன்: ஷெட் போட்டு, பிளாஸ்டிக் திரை கட்டி, லைட் வைத்தால் நடக்கும்.

மாமா: கேரண்டி?

மருமகன்: லைஃப்டைம்!

மாமா: யாருடைய லைஃப்? படித்துச் சொல்.

மருமகன்: (மூக்கருகே பிடித்துக்கொண்டு) வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சென்டரில் காட்டி, கட்டணம் கட்டி, முத்திரை வாங்க வேண்டும். கல் அடி, கீறல், பறவை எச்சம், உப்புத் தண்ணீர்க் கறை, மரப்பால், இவற்றுக்குப் பொருந்தாது.

மாமா: சென்டர் எங்கே?

மருமகன்: கொச்சி.

மாமா: ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று அத்தனை தூரம் இறங்கி ஏறி, அந்த ஜல்லி லாரிக்குப் பின்னாலேயே போய், கல் அடி வாங்கிக்கொண்டு நின்றால், கல் அடி பட்டிருக்கிறது, பொருந்தாது என்பான்.

(மருமகன் சிரித்துவிடுகிறான். ஏஜென்சிக்காரன் சிரிக்கக் கூடாத இடம் அது.)

மாமா: அப்புறம் எதற்குத்தான் பொருந்தும்?

மருமகன்: நிறம் மங்கினால்.

மாமா: காருக்கு நிறம் மங்குவதற்குள் கார்க்காரனுக்கு லோன் முடிந்து, காரை விற்று, வேறு கார் வாங்கியிருப்பான். சரி, எழுதிக்கொள். ஷாம்பு, துணி, அயர்ன் ரிமூவர், பாலிஷ் மிஷின் ஒன்று. கோட்டிங் நாலே நாலு பாட்டில். ஷெட் முதலில் போடுவோம். ஏஜென்சி வேண்டாம், கடைக்காரனாகவே வாங்கிக்கொள்கிறேன்.

மருமகன்: கிராஃபீன்?

மாமா: என் பேரனுக்குப் பரீட்சை வரும்போது பார்ப்போம்.

மருமகன்: போர்டாவது வைக்கலாமா? 'லைஃப்டைம் செராமிக்' என்று?

மாமா: லைஃப்டைம் வேண்டாம். 'செராமிக் கோட்டிங் போட்டுத் தரப்படும். இரண்டு வருஷம் ஓடினால் சந்தோஷம். கழுவ எங்களிடமே வரவும். ஜல்லி லாரிக்குப் பின்னால் போக வேண்டாம்.' இப்படி எழுது.

மருமகன்: இதைப் படித்துவிட்டு எவன் மாமா வருவான்?

மாமா: லாரிக்குப் பின்னால் போனவன் வருவான். அந்த 200 மைக்ரான் பிலிம் என்று ஒன்று சொன்னாயே, அதை எவனிடம் வாங்குவது?