வியாழக்கிழமை வட்டத்தை நிறுத்தியது பிழை

பூட்டிய சிறுவர் இல்லம் ஒன்றில் வியாழன்தோறும் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு தத்துவம் பேசும் வட்டம் ஒன்றை நடத்தினோம். அதைப் பற்றிப் போன கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். மறுபடி விபரிக்க மனசில்லை. "இந்தப் பிள்ளைகளுக்குத் தத்துவம் எதுக்கு? ஒரு கைத்தொழில் பழக்கினா போதும்" என்று ஒருவர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வட்டம் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் ஹட்டனில் பஸ் ஏறி அந்த இல்லத்துக்குப் போய் வந்தவன் நான். எனக்கு வலிக்கிறது.

அங்கே நாங்கள் பாடம் நடத்தவில்லை. ஒரு சின்னக் கதை வாசிப்போம், கேள்வியைப் பிள்ளைகளே போடுவார்கள். கையை உயர்த்தி, முறை வரும்வரை காத்திருந்து, "அவன் சொன்னத ஏத்துக்கல்ல, ஏன்னா" என்று காரணத்தோடு பேச வேண்டும். எல்லாரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தில் தத்துவவியலாளர் கேத்தரின் மெக்கால் வளர்த்த முறை இது. அங்கே ஸ்ட்ராத்க்லைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூட்டிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளோடு இதைச் செய்து, அவர்களின் சுயகட்டுப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

சுயகட்டுப்பாடு என்றால் என்னவென்று நான் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் மன்னிப்பைப் பற்றிப் பேச்சு. ஒரு பையன் இன்னொருவனிடம், "ஒங்கப்பன் செஞ்சத நீ மன்னிப்பியா?" என்று கேட்டுவிட்டான். கேட்கப்பட்டவன் முந்தின மாசம் சோற்றுத் தட்டை வீசியவன். எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தோம். அந்தக் கை மேலே போனது. நடுங்கிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, நான்கு பேர் பேசி முடியும்வரை இருந்தான். பிறகு சொன்னான்: "அவன் சொன்னத ஏத்துக்கல்ல. ஏன்னா, கேள்வி எங்கப்பாவப் பத்தி இல்ல." எந்தப் பிரம்பு இதைப் பழக்கும்?

ஆளணி போதாது என்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கைத்தொழிலும் வேண்டும். ஆனால் "ஏன் என்று கேட்கப் பழகிவிட்டார்கள், ஒழுக்கம் கெட்டுவிட்டது" என்பதை ஏற்கவே மாட்டேன். ஏன் என்று கேட்பவன் அந்த நேரம் அடிக்கவில்லையே! 2018இல் இலங்கைச் சட்டம் குற்றப் பொறுப்புக்கான வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. அதற்குக் கீழே நன்மை தீமை சரியாக விளங்காது என்று நாடே ஒத்துக்கொண்டது. அப்படியானால் விளங்கப் பழக்குவது யார் வேலை? 1991இல் இலங்கை ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. பேசவே விடாமல் எதைக் கேட்பது?

இது வெளிநாட்டுச் சரக்கு என்று எழுதிய தம்பிக்கு: என் தாத்தா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், கையெழுத்துப் போடத் தெரியாது. மாசி மாசம் காமன் கூத்து வந்தால், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று கட்சி கட்டி விடிய விடிய வாதாடுவார். எதிர்க்கட்சி பாடி முடியும்வரை வாய் திறக்க மாட்டார். லயத்து ஆட்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

இதுதான் என்னைச் சுடுகிறது. கொழுந்து பறிக்கக் கை, கொழும்புக் கடையில் பெட்டி தூக்கக் கை, இப்போது இந்தப் பிள்ளைகளுக்கும் கைத்தொழில். இருநூறு வருஷமாகத் தோட்டத்து மக்களான எங்களிடம் கையை மட்டும்தான் கேட்கிறார்கள். தலையையும் கேட்டது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டீர்கள்.

அடுத்த வியாழனுக்கு அவர்கள் போட்டு வைத்த கேள்வி என் கொப்பியில் இருக்கிறது: "பூட்டின எடத்துல ஒருத்தன் நல்லவனா இருந்தா, அவன் மாறிட்டானா, இல்ல பூட்டுதானா?" தலையாட்டியவர்களில் ஒருவராவது பதில் சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.